டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளைக்கு வீட்டுக்கல்வி: எதை மெதுவாக்குவது, எதை மெதுவாக்கக் கூடாது

டிஸ்லெக்ஸியா என்று ரிப்போர்ட் வந்ததும் பல வீடுகளில் முதலில் நடப்பது, எல்லாப் பாடத்தையும் இரண்டு வகுப்பு கீழே இறக்கிவிடுவது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஆறு வயதுக்கான அறிவியல், ஆறு வயதுக்கான கதை, ஆறு வயதுக்கான கணக்கு. எரிமலை ஏன் வெடிக்கிறது என்று கேட்கிற பிள்ளைக்கு "இது பூ, இது இலை" என்று பாடம் நடந்தால் அது சலித்துப்போகும். தான் மக்கு என்றும் முடிவு கட்டிவிடும்.

டிஸ்லெக்ஸியாவில் சிரமப்படுவது எழுத்தை ஒலியாக மாற்றும் வேலைதான். யோசிக்கும் திறனுக்கு அதில் பங்கில்லை. அதனால் வீட்டுப் பாடத்துக்கு இரண்டு வேகம் வேண்டும். வாசிப்பும் எழுத்தும் பிள்ளைக்கு எவ்வளவு மெதுவாக வேண்டுமோ அவ்வளவு மெதுவாக. அறிவியல், வரலாறு, கதை, கணக்கின் யோசனை எல்லாம் அதன் மூளை ஓடும் வேகத்தில், காது வழியாக. கீழே வரும் படிகள் எல்லாம் இதை நடைமுறைக்குக் கொண்டுவரும் வழிகள்தான்.

தொடங்கும் முன்: ரிப்போர்ட்டும் சர்டிபிகேட்டும்

கண், காது இரண்டையும் முதலில் சோதித்துவிடுங்கள். அப்புறம் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டிடம் முறையான அசெஸ்மென்ட். இந்தியாவில் இதற்குப் பெரும்பாலும் பெங்களூருவில் உள்ள மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் உருவாக்கிய சோதனைத் தொகுப்பைப் பயன்படுத்துகிறார்கள். சென்னையில் இருப்பவர்கள் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷனில் வழி கேட்கலாம்.

ரிப்போர்ட்டின் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு மடித்து வைக்காதீர்கள். மூன்று விஷயங்களைத் தேடுங்கள். காதால் கேட்டுப் புரிந்துகொள்வது எந்த வயது அளவில் இருக்கிறது, தானே வாசிப்பது எந்த அளவில் இருக்கிறது? இந்த இடைவெளிதான் உங்கள் இரண்டு வேகங்களுக்கும் அளவு. இரண்டாவது, ஒலிகளைப் பிரித்துச் சேர்ப்பதில் தடுமாற்றமா, தெரிந்ததைச் சட்டென்று சொல்வதில் தாமதமா, இரண்டுமா? மூன்றாவது, கவனச்சிதறல் கூடவே இருக்கிறதா? பல பிள்ளைகளுக்கு இருக்கும். இருந்தால் பாட நேரத்தின் நீளத்தையே அது மாற்றிவிடும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' என்பதையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது, டிஸ்லெக்ஸியா அதில் அடங்கும். பின்னாளில் தேர்வுச் சலுகை கேட்க அரசு சர்டிபிகேட் தேவைப்படும். அது கிடைக்க எட்டு வயதாவது ஆக வேண்டும். ஆனால் பாடத்தைத் தொடங்க அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. சந்தேகம் வந்த நாளிலேயே தொடங்கலாம்.

இன்னொன்று. கலர் கண்ணாடி, கண் பயிற்சி என்று பணம் கேட்பவர்கள் வருவார்கள். டிஸ்லெக்ஸியாவுக்கு இவை பலன் தருவதாக ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பும் கண் மருத்துவர் அமைப்புகளும் 2009-லேயே கூட்டாக அறிவித்துவிட்டன. அந்தப் பணத்தை நல்ல ரெமடியல் டீச்சருக்கு, அதாவது கற்றல் சிரமம் உள்ள பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லித்தருபவருக்குக் கொடுங்கள்.

படி 1: முதல் சில வாரங்கள் புத்தகத்தை மூடி வையுங்கள்

பள்ளியிலிருந்து நின்று வந்த பிள்ளை பெரும்பாலும் காயத்தோடுதான் வரும். நோட்டைப் பார்த்தாலே வயிற்று வலி, தண்ணீர் குடிக்கப் போகிறேன், பாத்ரூம் போகிறேன். இந்த நேரத்தில் வாசிக்கச் சொல்லி உட்கார வைத்தால் பள்ளியின் இன்னொரு கிளையைத்தான் வீட்டில் திறந்திருப்பீர்கள்.

நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். சமைக்கும்போது அளக்கச் சொல்லுங்கள். பஸ்ஸில் கூட்டிப்போய் ஊரைக் காட்டுங்கள். பிள்ளை தானாகக் கேள்வி கேட்கத் தொடங்கும்வரை இப்படியே போகட்டும். அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும், சிலருக்கு ஒன்றிரண்டு மாதமும் ஆகலாம். வீட்டில் யாராவது "சும்மாவே இருக்கானே" என்பார்கள். இருக்கட்டும்.

படி 2: எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

வகுப்பு எண்ணை மறந்துவிடுங்கள். உயிர், மெய், உயிர்மெய் எழுத்துகளைத் தனித்தனிச் சீட்டில் எழுதி, விளையாட்டாக ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். யோசிக்காமல் சொன்னது ஒரு குவியல், யோசித்துச் சொன்னது ஒரு குவியல், தெரியாதது ஒரு குவியல். நடுக் குவியல்தான் முக்கியம். பள்ளியில் அதை "தெரியும்" என்று கணக்கில் வைத்திருப்பார்கள். யோசித்துத்தான் சொல்ல முடிகிற எழுத்து வாசிப்புக்கு உதவாது. வாக்கியம் முடிவதற்குள் தொடக்கம் மறந்துபோகும்.

பிறகு ஓர் எளிய பத்தியை ஒரு நிமிடம் வாசிக்கச் சொல்லி, சரியாகச் சொன்ன சொற்களை எண்ணித் தேதியோடு குறித்து வையுங்கள். பிழையோடு நேரத்தையும் பார்க்க வேண்டும். இத்தாலியம், ஜெர்மன் போல எழுத்தும் ஒலியும் ஒத்துப்போகும் மொழிகளில் டிஸ்லெக்ஸியா பிழையாகத் தெரிவதைவிட மெதுவான வாசிப்பாகத்தான் அதிகம் தெரியும். தமிழிலும் "தப்பில்லாமதான் படிக்கிறா, ஆனா ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆகுது" என்று சொல்லும் அம்மாக்கள் உண்டு. அதுவும் இதே பிரச்சினைதான்.

படி 3: எந்த மொழியில் தொடங்குவது

வீட்டில் பேசும் மொழியில்தான் என்பேன். தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைக்குத் தமிழ் எழுத்து முதலில். ஆங்கிலம் அதுவரை பேச்சாகவும் கேட்கும் கதையாகவும் மட்டும். தமிழில் எழுத்துக் கூட்டுவது நிலைத்த பிறகு ஆங்கில வாசிப்பைத் தொடங்கலாம். ஒலிகளைப் பிரித்துச் சேர்க்கும் திறமை ஒரு மொழியிலிருந்து மற்றதற்குக் கூடவே வரும். 26 எழுத்துதானே, ஆங்கிலம் சுலபம் என்று ஏமாற வேண்டாம். அந்த 26 எழுத்துகள் நாற்பதுக்கும் மேற்பட்ட ஒலிகளைச் சுமக்கின்றன, ஒரே எழுத்து இடத்துக்கு இடம் மாறி ஒலிக்கும்.

தமிழிலும் முட்டுக்கட்டைகள் உண்டு. அவை எங்கே என்று தெரிந்தால்தான் எந்த இடத்தில் வேகம் குறைக்க வேண்டும் என்று தெரியும்.

முதலாவது கொம்பு. 'கெ' என்று எழுதும்போது கண் முதலில் கொம்பைப் பார்க்கிறது, வாயோ 'க்' என்று தொடங்க வேண்டும். 'கொ' இன்னும் மோசம்: முன்னால் ஒரு குறி, பின்னால் ஒரு குறி, இரண்டும் சேர்ந்து ஓர் ஒலி. 'கௌ'வின் கடைசிக் குறி 'ள' மாதிரியே இருக்கும்.

இரண்டாவது உகர வரிசை. துணைக்கால் எந்த எழுத்தோடும் ஒரே மாதிரிதான் நிற்கும். ஆனால் கு, சு, டு, து, மு என்று பாருங்கள், குறி எழுத்துக்கு எழுத்து உருவம் மாறும். கூ, சூ, தூ, பூ அதைவிட. இவற்றை ஒரே வரிசையாக ஒரே நாளில் ஒப்பிக்க வைத்தால் பிள்ளைக்கு ஓசை மட்டும் மனப்பாடம் ஆகும், உருவம் நிற்காது.

மூன்றாவது, ஓர் எழுத்துக்குப் பல ஒலி. 'கடல்', 'மகள்', 'தங்கம்' மூன்றிலும் 'க' வேறு வேறாக ஒலிக்கிறது. அந்தச் சொல்லைக் காதால் முன்பே அறிந்த பிள்ளைக்கு ஒலி தானாக வந்து விழும். தமிழ்ச் சொல்வளம் குறைந்த ஆங்கில மீடியம் பிள்ளை இங்கே மாட்டிக்கொள்ளும். அதற்கு மருந்து நிறையக் கேட்பதுதான்.

நான்காவதைப் பலர் கவனிப்பதில்லை. பிள்ளை பேசுவது "வந்துட்டான்", புத்தகத்தில் இருப்பது "வந்துவிட்டான்". பேசுவது "வீட்டுல", எழுதியிருப்பது "வீட்டில்". பிள்ளை பேச்சு வடிவத்தை வாசித்துவிட்டால் அது எழுத்துப் பிழை ஆகாது, பொருளைப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், திட்ட வேண்டாம். தினமும் எழுத்துத் தமிழில் கதை கேட்டு வளர்ந்தால் அந்த வடிவங்கள் காதில் பழகிவிடும்.

எழுத்துகளை எந்த வரிசையில் கொடுப்பது? அகர வரிசைப்படி வேண்டாம். ட, ப, ம, க, த, ர என்று உருவத்தில் தெளிவான சிலவற்றோடு புள்ளி வைத்த மெய்கள் இரண்டு மூன்று: படம், மரம், பட்டம், கட்டம் என்று உடனே சொற்கள் கிடைத்துவிடும். பிறகு துணைக்கால், பிறகு இகரம், ஈகாரம். அப்புறம் உகரம், இரண்டிரண்டு எழுத்தாக. கொம்பு வரிசைகள் கடைசியில். தாத்தா சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் படித்தவர்கள் கை தன்னை அறியாமல் பழைய 'லை', 'னை', 'றா' வடிவங்களை எழுதிவிடும். பிள்ளைக்கு அது இன்னொரு புது எழுத்து.

படி 4: அந்த அரை மணி நேரம்

வாசிப்புப் பாடம் ஒரு நாளைக்கு அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள். அதற்கு மேல் இழுக்காதீர்கள். பிள்ளை தெளிவாக இருக்கும் நேரமாகப் பார்த்து வையுங்கள், பெரும்பாலும் காலை. முதல் சில நிமிடம், தெரிந்த எழுத்துச் சீட்டுகளை வேகமாகப் புரட்டுவது. அடுத்தது சீட்டே இல்லாமல் ஒலி விளையாட்டு: "கடல்-ல 'க'வை எடுத்துட்டு 'ம' போடு, என்ன வரும்?" மடல். "பம்பரத்துல 'பம்' போனா?" பரம். இதை நடந்துகொண்டே, பாத்திரம் தேய்த்துக்கொண்டேகூடச் செய்யலாம்.

பிறகு ஒரே ஒரு புது விஷயம். அதைச் சீட்டுகளால் சொல்லாகச் சேர்ப்பது. அதே சொற்களில் மூன்று நான்கை நீங்கள் சொல்ல, பிள்ளை எழுதுவது. கடைசியாக, இதுவரை படித்த எழுத்துகள் மட்டுமே வரும் நான்கைந்து வரிகளை வாசிப்பது. அந்த வரிகளைப் பெரும்பாலும் நீங்களே எழுத வேண்டியிருக்கும். பிள்ளையின் பெயரும் வீட்டு நாயும் அதில் வந்தால் சந்தோஷமாக வாசிக்கும்.

கண், காது, வாய், கை எல்லாம் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்பது 1930-களில் அமெரிக்காவில் மருத்துவர் ஆர்டனும் கல்வியாளர் கில்லிங்ஹாமும் வகுத்த முறையின் அடிப்படை. திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதி, உரக்கச் சொல்லிக்கொண்டே படித்தவர்களுக்கு அது புதிதாகத் தோன்றாது. தட்டில் பரப்பிய அரிசி போதும், எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஆனால் சொல்லிக்கொண்டே எழுத வேண்டும். வாய் மூடி எழுதினால் பாதிப் பலன் போய்விடும்.

ஒற்றைக்கொம்பைச் சொல்லித்தரும் விதத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், மற்றவற்றுக்கும் அளவு பிடிபடும். முதல் நாள் 'பெ' ஒன்று மட்டும். கொம்பைச் சிவப்பில் எழுதுங்கள். "சிவப்பு முன்னால நிக்கும், ஆனா பின்னாலதான் பேசும்" என்று சொல்லி, விரலை முதலில் 'ப'வில் வைத்துப் பிறகு கொம்புக்குக் கொண்டுவரச் செய்யுங்கள்: ப் + எ, பெ. அடுத்த நாள் அதே விஷயம் 'செ'யில். பிறகு தெ, கெ. பெட்டி, செடி, தெரு, கெட்டி. இந்த நான்கு எழுத்தும் தயங்காமல் வர ஒரு வாரம் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாம். அதன் பிறகு மற்ற மெய்கள் வேகமாக வந்து ஒட்டிக்கொள்ளும், ஏனென்றால் பிள்ளை பிடித்தது எழுத்தை அல்ல, கொம்பு வேலை செய்யும் விதத்தை. இரட்டைக்கொம்பை உடனே கொண்டுவராதீர்கள். ஒற்றை நன்றாக உறைந்த பிறகு பெட்டி–பேட்டி, கெடு–கேடு, மெய்–மேய் என்று ஜோடியாக வைத்துக் காது வித்தியாசத்தையும் கண் வித்தியாசத்தையும் ஒன்றாகக் காட்டுங்கள்.

நீளமான சொற்களுக்குத் தனிப் பயிற்சி வேண்டும். "படித்துக்கொண்டிருந்தாள்" என்பதைப் பார்த்ததும் பிள்ளை முதல் எழுத்தை வைத்து ஊகிக்கும். விரலால் மூடி மூடித் திறந்து படித்து, கொண்டு, இருந்தாள் என்று காட்டுங்கள். கள், க்கு, இல், ஆல், உடன் போன்ற ஒட்டுகளைத் தனிச் சீட்டாக எழுதிப் பழக்கினால் பாதிச் சுமை குறையும்.

படி 5: எப்போது அடுத்ததற்குப் போவது

பிள்ளை ஒருமுறை சரியாகச் சொன்னதும் அடுத்த பாடத்துக்குப் போகவே நமக்குக் கை துறுதுறுக்கும். நான் வைத்திருக்கும் விதி இது: வெவ்வேறு மூன்று நாள், பாடத்தின் தொடக்கத்திலேயே, நீங்கள் எடுத்துக் கொடுக்காமல், யோசிக்காமல் சொன்னால் மட்டும் அந்தச் சீட்டு 'தெரிந்த' குவியலுக்குப் போகும். பிறகும் வாரம் ஒருமுறை அது புரட்டலில் வந்துகொண்டே இருக்க வேண்டும். நேற்று தெரிந்தது இன்று மறந்துபோவது இந்தப் பிள்ளைகளுக்கு இயல்பு. "நேத்து சொன்னியே!" என்ற வார்த்தை மட்டும் வேண்டாம்.

வாசிக்கும் பத்திக்கு: இருபது சொல்லில் ஒன்றுக்கு மேல் தடுக்கினால் அந்தப் பத்தி கடினம், எளியதற்கு இறங்குங்கள். ஒரே சிறு பத்தியை மூன்று நான்கு முறை வாசிப்பது வேகத்தைக் கூட்டும் என்பது நன்கு நிறுவப்பட்ட விஷயம். ஒரு நிமிடக் கணக்கை வாரம் ஒருமுறை கட்டம் போட்ட தாளில் குறியுங்கள். அண்ணனோடும் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடும் ஒப்பிடத் தாளில் இடமே இருக்கக் கூடாது.

மூன்று நான்கு மாதம் ஒழுங்காகச் செய்தும் கோடு மேலே ஏறவில்லை என்றால் முறையில்தான் கோளாறு. பாட நேரத்தை இரண்டு மணியாக்குவது தீர்வாகாது. ஸ்பெஷல் எஜுகேட்டர் ஒருவரிடம் தாளைக் காட்டுங்கள்.

படி 6: காது வழிப் பாடம், முழு வேகத்தில்

வீட்டுக்கல்வியின் பெரிய லாபமே இதுதான். அறிவியல், சமூக அறிவியல் புத்தகங்களை நீங்கள் வாசியுங்கள், பிள்ளை கேட்டுப் பேசட்டும், வரையட்டும், செய்து பார்க்கட்டும். என் மகள் தன் பெயரைத் தாண்டி எழுதத் திணறிய காலத்தில் கீழடி பற்றி மணிக்கணக்கில் வாதாடுவாள். அந்த வாதத்துக்கு மதிப்பெண் கொடுங்கள். அதுதான் அவளுடைய சமூக அறிவியல்.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வேண்டிய பக்கத்தை மட்டும் பெரிதாக்கி அச்சிடலாம். பிரத்தம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிலைவாரியாக இருக்கின்றன, சிலவற்றைக் கேட்டுக்கொண்டே வாசிக்கலாம். அச்சு நூலை வாசிக்க முடியாதவர்களுக்காக 2016-ல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகமும் இருக்கிறது. சிறப்பு எழுத்துருவைத் தேடி அலைய வேண்டாம். பெரிய எழுத்து, சொற்களுக்கும் வரிகளுக்கும் நடுவே தாராள இடம், இவை போதும்.

படி 7: எழுத்தும் கணக்கும்

பலகையைப் பார்த்து எழுதும் வேலையை முழுவதும் நிறுத்திவிடுங்கள். பக்கம் நிரம்புமே தவிர ஒன்றும் ஏறாது. ஒரு பதில் எழுத்தில், மற்றவை வாய்மொழியில். பத்து வயதுக்கு மேல் டைப்பிங் பழக்குங்கள். போனில் தமிழ்க் குரல் தட்டச்சு நன்றாகவே வேலை செய்கிறது.

ண, ன, ந குழப்பத்துக்கு மனப்பாடம் வேண்டாம், இன எழுத்து விதி ஒன்று போதும்: சங்கு, பஞ்சு, வண்டு, பந்து, பாம்பு, கன்று. 'ட'வுக்கு முன் ண், 'த'வுக்கு முன் ந், 'ற'வுக்கு முன் ன். ஆறு படங்களைச் சுவரில் ஒட்டினால் ஏராளமான பிழைகள் போய்விடும். ல, ள, ழ-வுக்கு இப்படிக் குறுக்குவழி இல்லை, சொல் சொல்லாகத்தான் வரும். அதைப் பல மாதம் தள்ளிவைத்தாலும் குடி முழுகிவிடாது.

கணக்கில் வாய்ப்பாடு ஒப்பிப்பது பலருக்குக் கடைசிவரை வராது. அட்டையைப் பார்த்துக்கொள்ள விடுங்கள். வாக்கியக் கணக்கை நீங்கள் வாசியுங்கள். எண்களின் அளவே பிடிபடவில்லை என்றால் அது வேறு பிரச்சினை, தனியாகச் சோதிக்க வேண்டும்.

படி 8: வாரமும் வருடமும்

திங்கள் முதல் வெள்ளி வரை காலை அரை மணி வாசிப்பு, அது மட்டும் மாறாதது. மற்றவை நெகிழலாம். சில நாள் பிள்ளைக்கு எதுவும் ஓடாது. அன்று சீட்டுப் புரட்டலும் கதையும் மட்டும். கோடை விடுமுறையில் இரண்டு மாதம் அடியோடு விட்டால் சேர்த்ததில் நிறையக் கரைந்துவிடும். ஊருக்குப் போனாலும் பத்து நிமிடச் சீட்டு கூடவே வரட்டும்.

கல்யாண வீட்டில் "என்னடா கண்ணு, எந்த கிளாஸ் படிக்கிற?" என்று பெரியப்பா கேட்பார். முன்கூட்டியே ஒரு பதிலைப் பிள்ளையோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். "வீட்டுலயே படிக்கிறேன் பெரியப்பா, இப்ப சோழர் வரலாறு ஓடுது" என்பது போதுமான பதில். செய்தித்தாளை நீட்டி "இதைப் படி பார்ப்போம்" என்றால் குறுக்கே போய்த் தாளை வாங்கிக்கொள்வது உங்கள் வேலை.

படி 9: பத்தாம் வகுப்புக்கான பாதை

கட்டாயக் கல்விச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை பள்ளிக்கல்வி உரிமையைப் பேசுகிறது. வீட்டுக்கல்வியைப் பற்றித் தனியாக எதுவும் சொல்லவில்லை. தேர்வுக்குப் பெரும்பாலானோர் போவது தேசியத் திறந்தநிலைப் பள்ளி, அதாவது என்ஐஓஎஸ். 14 வயது முடிந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். ஐந்து பாடம், தமிழ் மீடியமும் உண்டு. பதிவு ஐந்து வருடம் செல்லும், ஒன்பது வாய்ப்புகள் கிடைக்கும், ஒரு பருவத்தில் ஒன்றிரண்டு பாடம் மட்டும் எழுதினாலும் போதும். இந்தப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடைப்பது கடினம். ஓவியம், மனையியல், டேட்டா என்ட்ரி போன்ற பாடங்களும் இருக்கின்றன. கணக்கு கட்டாயம் இல்லை, ஆனால் பின்னால் எந்தப் படிப்புக்குப் போக ஆசை என்று பார்த்துவிட்டு விடுங்கள்.

எளிய ஒரு பாடத்தை முதலில் தனியாக எழுத வையுங்கள். ஸ்கிரைப் (பிள்ளை சொல்லச் சொல்ல விடையை எழுதுபவர்), கூடுதல் நேரம் ஆகியவற்றுக்குச் சர்டிபிகேட்டோடு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். கூடுதல் நேரம் மணிக்கு 20 நிமிடம் என்பது மத்திய அரசு வழிகாட்டுதலில் உள்ள அளவு. ஸ்கிரைப்பிடம் சொல்லி எழுத வைப்பது தனித் திறமை. பதிலை மனதில் ஒழுங்குபடுத்தி, எங்கே பத்தி பிரிக்க வேண்டும், எங்கே கோடு போட வேண்டும் என்பதையும் சொல்லிக் கொண்டுபோக வேண்டும். தேர்வுக்குச் சில மாதம் முன்பிருந்தே வாரம் ஒருமுறை, வீட்டாரைத் தவிர்த்து வேறு ஒருவரை உட்கார வைத்துப் பழைய வினாத்தாள்களில் பழக்குங்கள். அம்மாவிடம் அரைச் சொல்லில் சொன்னாலே புரிந்துவிடும், தேர்வறையில் உட்காரும் ஆளுக்குப் புரியாது.